வீட்டுக் கடனோடு வந்த பாலிசி: இப்போது அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள்

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் அவற்றை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 38. தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு 43, மில்லில் மேற்பார்வையாளர். பத்தாம் வகுப்பில் மகள், ஆறாம் வகுப்பில் மகன், கூடவே மாமியார். 2021 ஆகஸ்டில் வங்கியில் 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறார்கள். 20 வருடம், அன்றைக்கு 7 சதவீத மாறும் வட்டி, மாதத் தவணை 23,259 ரூபாய். கடன் இருவர் பெயரிலும் இருக்கிறது. பத்திரம் கணவர் பெயரில் மட்டும். "இன்சூரன்ஸ் எடுத்தால்தான் கடன் பாஸாகும்" என்று சொல்லி 90,000 ரூபாய் பிரீமியத்தையும் அந்த 30 லட்சத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். 2023ல் தவணை 25,500 ஆனது. கடன் 2048 வரை போகும் என்று கடிதமும் வந்தது. இப்போது வட்டி 8.25, பாக்கி 28 லட்சத்துக்குச் சற்று மேல்.

போன வருடம் கணவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் உள்ளூரப் பயம். சீட்டு எடுத்த பணமும் அம்மா வீட்டுப் பங்குமாகச் சகோதரியின் கையில் 6 லட்சம் இருக்கிறது. கொழுந்தனார் சொல்லும் யோசனை இது: கடனை வட்டி குறைவான இன்னொரு வங்கிக்கு மாற்று, பழைய பாலிசியை ரத்து செய்து மீதிப் பிரீமியத்தை வாங்கு, 6 லட்சத்தையும் அப்படியே கடனில் கட்டு.

"அவருக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கடனை முழுதாக அடைத்துவிடும், வீடு அவர் பெயரில் இருப்பதால் கடனும் அவருடையதுதான், நான் வெறும் கையெழுத்துதான் போட்டேன். ஆனால் அவருக்குச் சர்க்கரை இருந்ததை ஃபாரத்தில் எழுதவில்லையே, அதனால் ஒன்றும் கிடைக்காதோ என்று இரவில் தூக்கம் வரவில்லை. நான் முதலில் எதைச் செய்வது?" என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தோடு காப்பீட்டுச் சான்றிதழின் நகலையும் இணைத்து அனுப்பினீர்களே, அது பெரிய உதவி. இதுமாதிரி வழக்குகளில் பெரும்பாலானவர்கள் அந்தக் காகிதம் எங்கே என்று தெரியாமலேதான் வருவார்கள். என் பதிலில் முக்கால்வாசி அந்த இரண்டு பக்கங்களைப் பற்றியதுதான்.

அந்தச் சான்றிதழ் என்ன சொல்கிறது

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாலிசி உங்கள் தலையில் கட்டப்பட்டதுதான். ஆயுள் காப்பீடு எடுத்தால்தான் வீட்டுக் கடன் தருவோம் என்று வங்கி சொல்லக்கூடாது. பிரீமியத்தைக் கடனில் சேர்த்ததால் அந்த 90,000க்கும் நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள். 7 சதவீதத்திலேயே 20 வருடத்தில் அசலும் வட்டியுமாக அது 1,67,000 ரூபாயைத் தாண்டிவிடும். கோபம் வருவது நியாயம்.

ஆனால் அன்றைக்குத் தேவையில்லாமல் வந்த அந்தக் காகிதம்தான் இன்றைக்கு உங்கள் வீட்டில் எந்த விலை கொடுத்தாலும் மறுபடி வாங்க முடியாத பொருள். ஸ்டென்ட் வைத்த ஒருவருக்குப் புதிதாக டெர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) கேட்டால் காப்பீட்டு நிறுவனம் சில மாதம் பொறுக்கச் சொல்லலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம், முடியாது என்றே சொல்லிவிடலாம். உங்கள் கணவருக்கு மாரடைப்பு வருவதற்கு முன்பே தொடங்கிய காப்பு அது. காப்பு தொடங்கிய பிறகு வந்த நோயை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மாரடைப்பு வந்ததால் பாலிசி கெட்டுப்போகாது.

அதனால் கொழுந்தனார் சொல்லும் வங்கி மாற்றத்தில் நான் முதலில் கை வைக்கச் சொல்வது வட்டி விகிதத்தில் அல்ல. இது கடனோடு இணைந்த குழுக் காப்பீடு, அதாவது கடன் வாங்கியவர்களை ஒரே குழுவாகச் சேர்த்து எடுத்தது. பழைய கடன் கணக்கை முடித்து வேறு வங்கிக்குப் போனால் இந்தக் காப்பு என்ன ஆகும் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். சிலவற்றில் கடன் முடிந்ததும் காப்பும் முடிந்து, மீதிக் காலத்துக்கு உரிய பிரீமியத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். சிலவற்றில் நீங்கள் கேட்டுக்கொண்டால் சான்றிதழில் உள்ள அட்டவணைப்படி கடைசி வரை தொடரும். எழுத்தில் பதில் வரும்வரை கடனை மாற்றாதீர்கள், ரத்துப் படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். கொழுந்தனார் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் வட்டியைப் பார்க்கிறார். நீங்கள் காப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, "முழுதாக அடைத்துவிடும்" என்ற நம்பிக்கை. சான்றிதழின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது, பாருங்கள். இடப்பக்கம் வருடம், வலப்பக்கம் தொகை. முதல் வரியில் 30 லட்சம். வரிக்கு வரி குறைந்துகொண்டே வந்து, இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில் சுமார் 26 லட்சத்து 40 ஆயிரம். பத்தாவது வரியோடு அட்டவணை முடிந்துவிடுகிறது. 2031 ஆகஸ்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

7 சதவீத வட்டியில் கடன் எப்படிக் குறையும் என்று 2021ல் போட்ட கணக்கு அது. உங்கள் கடன் அந்தக் கணக்குப்படி குறையவில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி; உங்கள் மாறும் வட்டி இதைத் தொட்டே ஏறி இறங்கும்) 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியது. உங்கள் வட்டி 9.5 ஆனபோது பழைய தவணை அந்த வட்டிக்கே சரியாகப் போனது. அசல் கரையவே இல்லை. அதனால்தான் தவணையையும் ஏற்றி, காலத்தையும் 2048க்குத் தள்ளினார்கள். கடன் மெதுவாகக் குறைய, காப்பு மட்டும் பழைய வேகத்தில் குறைந்துகொண்டே வந்தது. இன்றைய இடைவெளி ஒன்றரை லட்சத்துக்கு மேல். இது சமாளிக்கக்கூடியது. 2031ல் வரும் இடைவெளிதான் பெரியது. இப்படியே தவணை மட்டும் கட்டிக்கொண்டு போனால் அன்றைக்கும் பாக்கி 23 லட்சம் அளவில் இருக்கும், காப்பு பூஜ்யம். உங்கள் கணவருக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது.

இன்னொன்று: சான்றிதழில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, கணவருடையது. உங்கள் உயிருக்கு அதில் ஒரு ரூபாய்கூடக் காப்பு இல்லை.

சர்க்கரையைச் சொல்லவில்லையே என்ற பயம்

இதற்கு உங்களுக்குச் சற்று நிம்மதியான பதில் இருக்கிறது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு 2015ல் திருத்தப்பட்டது. காப்பு தொடங்கி மூன்று வருடம் ஆன பிறகு, எந்தக் காரணத்தைச் சொல்லியும் ஒரு ஆயுள் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று அது சொல்கிறது. உங்கள் கணவரின் காப்பு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 2024 ஆகஸ்டிலேயே அந்த மூன்று வருடம் முடிந்துவிட்டது.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்தக் காட்சி எனக்குக் கண்முன்னே வந்தது: கிளையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரே "இல்லை, இல்லை, இல்லை" என்று வரிசையாக டிக் அடித்துவிட்டு, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து மட்டும் வாங்கியது. நிறைய வீடுகளில் இதுதான் நடந்திருக்கிறது. முன்பு என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு, இதே மாதிரி ஃபாரத்தால், காப்பு தொடங்கிய இரண்டாம் வருடத்திலேயே கணவர் இறந்ததால் பணம் மறுக்கப்பட்டது. மூன்று வருடத்துக்குள் வந்த மரணம் என்பதால் நாங்கள் ரொம்ப நாள் போராட வேண்டியிருந்தது. உங்கள் நிலைமை அப்படி இல்லை. ஆனால் இனிமேல் எடுக்கும் எந்தப் பாலிசியிலும் சர்க்கரை, ஸ்டென்ட், மாத்திரை எல்லாவற்றையும் நீங்களே உங்கள் கைப்பட நிரப்புங்கள்.

எப்போதாவது பணம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கே தீரவில்லை என்றால் ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான பிரச்சினைகளை அங்கே கட்டணம் இல்லாமல் விசாரிப்பார்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

"வெறும் கையெழுத்துதான் போட்டேன்"

இல்லை சகோதரி. நீங்கள் இணைக் கடன்தாரர். கடன் ஒப்பந்தத்தில் உங்களுக்குப் பாதி, அவருக்குப் பாதி என்று பிரிவினை கிடையாது. ஒருவர் இல்லாமல் போனால் மற்றவர் முழுத் தொகைக்கும் பொறுப்பு. சாதாரண வாரிசாக இருந்தால் இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் கடன் பொறுப்பு வரும். இணைக் கடன்தாரர் என்றால் உங்கள் சம்பளம், சேமிப்பு வரைக்கும் வரும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். வீடு கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது. உயில் எழுதாமல் அவர் போய்விட்டால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் நால்வருக்கும் சம பங்கு. அதாவது கடன் முழுவதும் உங்கள் தலையில், வீட்டில் உங்களுக்குக் கால் பங்கு. மாமியாரோடு உங்களுக்கு நல்ல உறவு என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அவர் பங்கு அவருக்குப் பின் அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைகள் மைனராக இருக்கும்வரை அவர்கள் பங்கை விற்கவோ அடகு வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். கணவர் ஒரு உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, முடிந்தால் பதிவும் செய்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. பத்திரத்தில் உங்கள் பெயரைச் சேர்க்க நினைத்தால் வீடு அடமானத்தில் இருப்பதால் வங்கியின் சம்மதம் வாங்க வேண்டும், செலவும் உண்டு. உயில்தான் இப்போதைக்கு எளிய வழி.

ஒரு தவணை தவறினால் வீட்டுக்குச் சீல் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தை விடுங்கள். பாக்கி 90 நாளைத் தாண்டினால்தான் கணக்கு வாராக்கடன் ஆகும். அதற்குப் பிறகும், அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி தரும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கையில் இறங்கினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அவகாசம் இருக்கிறது. நோட்டீஸைப் பிரிக்காமல் பீரோவில் வைப்பதுதான் ஆபத்து.

6 லட்சத்தை என்ன செய்வது

மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்ட வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. அதனால் கட்டுவதில் தடை இல்லை. எவ்வளவு கட்டுவது என்பதுதான் கேள்வி.

28 லட்சம் பாக்கி, 8.25 வட்டி, 25,500 தவணை என்று வைத்துக்கொண்டால் கடன் முடிய சுமார் 17 வருடம் ஆகும். அதாவது 2043 வாக்கில். 2048 என்பது பழைய கணக்கு. 2025ல் ரெப்போ மொத்தம் 1.25 குறைந்தது, அதில்தான் உங்கள் வட்டியும் இறங்கியிருக்கிறது. இப்போது 6 லட்சத்தையும் கட்டினால் 11 வருடத்தில் முடிந்துவிடும். 3 லட்சம் கட்டினால் 13 வருடம் 8 மாதம். பார்த்தீர்களா, முதல் 3 லட்சமே சுமார் 41 தவணையைக் குறைத்துவிடுகிறது. அடுத்த 3 லட்சம் குறைப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு.

அதனால் என் யோசனை: 3 லட்சம் கட்டுங்கள். மீதி 3 லட்சத்தைத் தொடாதீர்கள். அது கிட்டத்தட்ட ஒரு வருடத் தவணை. கணவர் மறுபடி ஆறு மாதம் விடுப்பில் இருக்க நேர்ந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தப் பணம்தான். கடனில் போட்ட பணத்தை அவசரத்துக்குத் திருப்பி எடுப்பது லேசு இல்லை, டாப்-அப் கடன் (வீட்டுக் கடனுக்கு மேல் கூடுதல் கடன்) கேட்டு நிற்க வேண்டும். கொழுந்தனார் முழுதும் கட்டச் சொல்வது கணக்குப்படி சரி. இதய நோயாளி இருக்கும் வீட்டுக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை.

கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் போதாது.

அப்புறம் உங்கள் பெயரில் ஒரு டெர்ம் பாலிசி. வங்கி மூலமாக அல்ல, கடனோடு சேராத தனி பாலிசி. காப்புத் தொகை குறையாமல் கடைசி வரை ஒரே அளவில் இருக்கிற மாதிரி, 20 வருடத்துக்கு. நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், அத்தனை கடனும் ஸ்டென்ட் வைத்த ஒரு மனிதர் மேல் விழும். பாலிசி கைக்கு வந்த பிறகு 30 நாள் அவகாசம் உண்டு. படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

கணவருக்காக ஒன்று பாருங்கள். மில்லில் அவருக்கு பிஎஃப் பிடிக்கிறார்களா? பிடித்தால், பணியில் இருக்கும்போது இறப்பவர் குடும்பத்துக்கு இடிஎல்ஐ என்ற, பிஎஃப் உறுப்பினர்களுக்கான ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தில் 7 லட்சம் வரை கிடைக்கும். அதற்குத் தனிப் பிரீமியம் கிடையாது, மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. பிஎஃப் கணக்கில் நாமினியாக இன்னமும் கல்யாணத்துக்கு முன் போட்ட பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டடக் காப்பீடு பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஆயுள் பாலிசி சுவரைக் காக்காது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கத்துக்கு 2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசி பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. மனையின் விலையைச் சேர்க்காமல், வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு மட்டும் எடுங்கள்.

வங்கியில் எழுதிக் கேட்க வேண்டியவை

ஒரே கடிதம் போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைய தேதியில் பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்த மாதம் எந்த வருடம் முடியும்? கடனை முன்கூட்டியே முடித்தாலோ வேறு வங்கிக்கு மாற்றினாலோ இந்தச் சான்றிதழ் எண்ணுள்ள காப்பு தொடருமா? தொடரும் என்றால் பணம் யாருக்குப் போகும்? இறப்பு நேர்ந்தால் வங்கிப் பாக்கி போக மீதி நாமினிக்கு வருமா, நாமினியாக யார் பெயர் பதிவாகியிருக்கிறது? வட்டியைக் குறைக்க உங்கள் வங்கியிலேயே வழி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பல வங்கிகள் ஒரு சிறு கட்டணத்துக்கு மார்ஜினை, அதாவது ரெப்போவுக்கு மேல் வங்கி சேர்க்கும் வட்டியை, குறைத்துத் தருகின்றன. அது நடந்தால் வங்கி மாற வேண்டிய தேவையே இருக்காது.

காப்பு பற்றிய கேள்விக்கு வங்கி "கம்பெனியைக் கேளுங்கள்" என்று தட்டிக்கழிக்கலாம். அப்படிச் சொன்னால் அதே கடிதத்தைச் சான்றிதழில் உள்ள காப்பீட்டு நிறுவன முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் வங்கியிடமிருந்து ஒழுங்கான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம். பதில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். வங்கி மாற்றலாமா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.